வெட்டாமல் மடித்த கரை

சேசு மரி சூசை

லா சப்பல், பாரிஸ்
12 பிப்ரவரி 2014

மகள் இசபெலுக்கு,

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. மூன்று வருடம் நான் எழுதாமல் இருந்ததைப் பொறுத்தவள், பதினாறு நாளையும் பொறுத்திருப்பாய். நீ பிரெஞ்சில் எழுதுகிறாய். எனக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு இடத்தில் நீ பிழை விட்டிருந்ததும் தெரிந்தது. பதில் மட்டும் தமிழில்தான் எழுதுவேன். சனிக்கிழமைதோறும் உன்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எதற்காவது உதவட்டும்.

நான் சுகம். இந்த வருடம் இங்கே குளிர் இல்லை, மழைதான். வலது முழங்கால் படியில் ஏறும்போது பேசுகிறது, இறங்கும்போது கத்துகிறது. ஐந்து மாடிக்கும் லிஃப்ட் போடுவதாகக் கட்டடக் கூட்டத்தில் எட்டாவது வருடமாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் யோகராணி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் குடிவந்திருக்கிறாள். கீழே புடவைக் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். சத்தம் போட்டுப் பேசுவாள். ஆனால் என் காய்கறிப் பையைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு வருகிறாள். நான் 'மதாம்' என்று கூப்பிடச் சொன்னதால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'மதாம்' போடுகிறாள். மரியாதையா கேலியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் ஜப்பானிலிருந்து வந்தபோது என் சாப்பாட்டு மேசைமேல் நீ போட்டுவிட்டுப் போன கிமோனோ இப்போது உனக்குத் திரும்ப வேண்டும். மே பதினெட்டாம் தேதி உன் மாமியாரின் எழுபத்தேழு வயது விழா. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த வருடம் பார்வை இருக்கும் என்று சொல்ல முடியாது. தன் கையால் தைத்ததிலேயே உயர்ந்தது அதுதான் என்கிறார். அதை உன் உடம்பில் இன்னும் ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார். எல்லாவற்றையும் படித்தேன். அந்த ஒரு கடிதத்தில் அவரை ஏழு இடத்தில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறாய். என்னை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை.

அது எதிலிருந்து தைக்கப்பட்டது என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? அது என் கூறைப்புடவை. 1966-இல் புதுச்சேரியில் உன் அப்பாவின் கையைப் பிடித்தபோது நான் உடுத்திருந்தது. அரக்கு நிறம், நாலு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை. நாற்பத்து நாலு வருடம், மாதம் ஒரு முறை மடிப்பு மாற்றி வைத்துக் காப்பாற்றினேன். 2010-இல் உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். ஞானஸ்நானம் பெறாதவருக்கு, கோவிலும் இல்லாமல் குருவும் இல்லாமல், ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு உன்னைக் கொடுப்பதைப் பார்க்க என்னால் முடியாது. சொன்னதை மாற்றுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. ஆனாலும் புடவையை அனுப்பினேன். அதை நீ மறக்கக் கூடாது.

பிறகு அந்தப் புகைப்படம் வந்தது. என் புடவையை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து, கைகளில் தலைப்பை வைத்து, ஒரு ஜப்பானியப் பெண்ணைப் போல நீ நிற்கிறாய். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கரையைக் காணவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஜரிகைக் கரையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கரையை வெட்டிய புடவையை எங்கள் வீட்டில் தரை துடைக்கத்தான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு உனக்கு எழுத என்ன இருந்தது?

மூன்று வருடம் கழித்து அப்பாவின் ஒன்பதாம் ஆண்டுப் பூசைக்கு வந்தாய். சந்தோஷம். அதையே உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வருகிறேன் என்றாய். பூசைக்கு வேஷம் கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றேன். அதில் என்ன தப்பு? அதற்கு நீ சொன்னது இந்த வீட்டுச் சுவருக்குக்கூட நினைவிருக்கும்: "ஆறு கெஜம் புடவைய அனுப்பினீங்க. கொசுவம் பிடிச்சுவிட யார அனுப்பினீங்க? இந்தாங்க, உங்களுது, நீங்களே வச்சிக்குங்க." நாற்பது வயதுப் பெண்ணுக்குத் தனியாகப் புடவை உடுத்தத் தெரியாமல் போனது என் குற்றமா? பூசைக்கும் நீ வரவில்லை. உன் அப்பாவின் பெயரை வாசித்தபோது குடும்பம் என்று நான் ஒருத்திதான் எழுந்து நின்றேன்.

பொருள் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது. கவலை வேண்டாம். தபாலில் அனுப்ப இப்போது வசதிப்படாது. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

யோகராணி ஒன்று கேட்கச் சொன்னாள். தைக்கிறவள், அதனால் கேட்கிறாள். கிமோனோவில் முதுகுத் தையலை எந்தப் பக்கம் மடிப்பார்கள்? கழுத்துப் பட்டையை நடுவிலிருந்து தைப்பார்களா, ஓரத்திலிருந்தா? கைகளை உடம்போடு முழுக்கச் சேர்க்காமல் அக்குளில் திறந்து விட்டிருக்கிறார்களே, அந்தத் திறப்புக்கு அளவு என்ன? உன் மாமியாரிடம் கேட்டு விவரமாக எழுது. படம் போட்டால் நல்லது. எனக்கு இதில் அக்கறை இல்லை.

தேவன் உனக்கு நல்ல புத்தியையும் சுகத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
மரியமலர் லூர்துசாமி


சேசு மரி சூசை

லா சப்பல்
19 மார்ச் 2014, சூசையப்பர் திருநாள்

மகள் இசபெலுக்கு ஆசீர்வாதம்.

உன் பதிலும் படமும் வந்தன. கண் மங்கியவர் போட்ட படம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோடெல்லாம் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கிறது. எட்டுத் துண்டுக்கும் நம்பர் போட்டு, எதை முதலில் சேர்ப்பது, எதைக் கடைசியில் சேர்ப்பது என்று அம்புக்குறி வைத்திருக்கிறார். கீழே நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய்: யோகராணிக்கு இதெல்லாம் எதற்கு, உண்மையைச் சொல்லுங்கள் என்று.

சரி. சொல்கிறேன். கிமோனோ அலமாரியில் இருப்பது உண்மை. முழுதாக இல்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, பூசை முடிந்து வந்து அதைப் பிரித்தேன். அது என் புடவை. நீயே 'உங்களுது' என்று சொல்லிவிட்டுப் போனாய். என் பொருளை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அது பாதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

பிரிப்பதற்கு நாள் கணக்கில் ஆகும் என்று சின்னக் கத்தரிக்கோலையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு முழ நூல் அப்படியே கையோடு வந்தது. எல்லாம் நேர் ஓட்டுத் தையல். முதல் வருடப் பிள்ளைகளுக்கு, ஏழு வயதில், மடத்தில் எங்களுக்குக் கைக்குட்டை ஓரத்தில் போடச் சொல்லுவார்களே, அது. இதையா ஊர் மெச்சுகிறது என்று சிரித்தேன். மூன்று மத்தியானத்தில் எட்டுத் துண்டும் தரையில் கிடந்தன. ஒரு வளைவு இல்லை, ஒரு கொக்கி இல்லை. எல்லாம் நீளநீளமான பட்டைகள். அவற்றை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பீடத்துக்கு விரிப்பு தைத்துக் கோவிலுக்குக் கொடுப்பது என்று தீர்மானம் செய்திருந்தேன்.

ஜனவரியில் உன் கடிதம் வந்தது.

'பிரித்துவிட்டேன், இல்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். பேனாவையும் எடுத்தேன். பிறகு நினைத்தேன்: அந்த அம்மாள் தன் ஊரில் தரையில் உட்கார்ந்து தன் கையால் தைத்ததை, ஏழு வயதிலிருந்து ஊசி பிடித்த என்னால் தைக்க முடியாதா? முடியவில்லை என்று மே பதினெட்டாம் தேதி அங்கே நாலு பேர் பேச வேண்டுமா? அதனால் ஆரம்பித்தேன். வேறு காரணம் ஒன்றும் தேடாதே.

முதலில் மெஷினில் வைத்தேன். பட்டு சுருங்கி, மூஞ்சியைக் காட்டியது. பிரித்துவிட்டுக் கையில் எடுத்தேன். ஜன்னல் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். பட்டில் பழைய ஊசித் துவாரங்கள் அப்படியே இருக்கின்றன. நூல் போனாலும் வழி போகவில்லை. உன் மாமியாருடைய ஊசி போன வழியிலேயே என் ஊசியை விட்டேன். இசபெல், எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் இருந்தால் பொய். ஒன்றரை மீட்டர் முதுகிலும் ஒரு துவாரம் கூட இடம் தப்பவில்லை. தையலின் மேலே ஒரு நெல் அகலத்துக்குத் துணியை அதிகமாக மடித்துவிட்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் தையலே தெரியாது. மடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ மேர் அன்ஜெலிக் எங்கள் தையலைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டுவார். நாங்களும் காட்டுவதற்குத்தான் தைத்தோம். இவர் யாருக்கும் காட்டவில்லை. பிரிக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஊசியை ஓட்டாமல் துணியை ஊசிக்குள் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். துணி நுனியைக் கவ்விப் பிடிக்க அவருக்கு ஒரு மரச் சாமான் இருக்கிறதாம். நான் மேசை இழுப்பறையில் நுனியை வைத்து மூடிக்கொள்கிறேன். எழுபத்து நாலு வயதில் விரல்களுக்குப் புதுப் பாடம். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் நகர்ந்தது. இப்போது ஒரு முழம்.

யோகராணி தினமும் இரண்டு மணிக்கு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். தொடாதே என்றால் தொடமாட்டாள், வாயை மட்டும் மூடமாட்டாள். நேற்று முதுகும் பக்கமும் சேர்ந்து ஒரு உருவம் வந்ததும் தூக்கிப் பிடித்து, "மதாம், ஓகஸ்ட்டிலை தேருக்கு உதைப் போட்டுக்கொண்டு வாங்கோ மதாம். சனம் பிள்ளையாரை விட்டிட்டு உங்களைத்தான் சுத்திக் கும்பிடும்" என்றாள். நான் கத்தோலிக்கப் பெண், தேருக்கு வரமாட்டேன் என்றேன். "ஓம், அது பிள்ளையாருக்கும் தெரியும், அவர் கோவிக்கமாட்டார்" என்றாள். இவளோடு என்ன பேசுவது.

இரண்டு கைகளும் கழுத்துப் பட்டையும் பாக்கி. முடித்துவிடுவேன். உன் மாமியாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டு எழுது. பக்கத் தையலில் உள்ளே நிறையத் துணியை மடித்து விட்டிருக்கிறாரே, அது எதற்கு? தையலுக்கு வெளியே அரை அங்குலத்துக்கு மேல் துணி நின்றால் அது சோம்பேறித் தையல் என்று மேர் அன்ஜெலிக் கையில் பிரம்பால் அடிப்பார். அந்தத் துணி அவ்வளவும் இருந்தே ஆக வேண்டுமா? கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும்? பொதுவாகக் கேட்கிறேன்.

நான் பிரித்ததை அவரிடம் சொல்ல வேண்டாம். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். அதற்கு உனக்கு உரிமை உண்டு. டெலிபோன் மட்டும் செய்யாதே. டெலிபோனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

சூசையப்பர் உன் வீட்டைக் காக்கட்டும்.

உன் தாய்,
மரியமலர்


சேசு மரி சூசை

லா சப்பல்
22 ஏப்ரல் 2014

அன்பு மகள் இசபெலுக்கும் மருமகன் மசாருவுக்கும் உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும்.

இந்தக் கடிதம் பார்சலுக்குள் வருகிறது. முதலில் இதை வாசி. பிறகு துணியை விரி. மேலே உள்ள மெல்லிய தாளைக் கிழிக்காதே, திரும்ப மடிக்க உதவும்.

கிமோனோ முடிந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாளே முடித்துவிட்டேன். துக்க நாளில் ஊசி எடுக்கக் கூடாது. தட்டையாக மடித்தால் ஒரு தினத்தாள் அளவுக்கு அடங்குகிறது. யோகராணி அதைத் தன் மேல் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டாள். கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, தன் பெரிய வயிற்றைத் தட்டி, "ஜப்பான்காரர் என்னை விசா இல்லாமலே எடுப்பினம்" என்றாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு நீ எழுதிய பதிலை இதோ எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத் தையலுக்குள் இருப்பது புடவையின் கரை. உன் மாமியார் ஃபுமிகோ அம்மாள் அதை வெட்டவே இல்லை. நீளவாக்கில் இரண்டு கிழிப்பு, குறுக்கே சில வெட்டு, அவ்வளவுதான்; ஒரு விரல் துணியைக் கூட எறியவில்லை. "கரை உள்ள ஓரம் அவளுடைய அம்மாவுடையது. ஒருநாள் அந்த அம்மாள் தன் புடவையைக் கேட்டால், பிரித்து, சேர்த்து, புடவையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் இழுத்தால் வருகிற தையல் போட்டேன்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஓரத்தை மட்டும் தொட வேண்டாம் அம்மா என்று நீ அடியில் கோடு போட்டிருக்கிறாய்.

உன் பதில் வருவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே கரையை வெட்டிவிட்டேன்.

தெரியாமல் வெட்டினேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். மேர் அன்ஜெலிக்கின் அரை அங்குலத்தைச் சொன்னால் நீ நம்புவாய். ஆனால் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அலமாரியில் 'பத்திரமாக' இருக்கிறது என்று உனக்கு எழுதிய பொய்யையும் சேர்த்து இதையும் சொல்ல வேண்டி வந்தது. குருவிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

நடந்தது இது. பக்கத் தையலைப் பிரித்தபோது கரை வெளியே வந்தது. நாலு விரல் அகலம், தலைப்பிலிருந்து கடைசி வரை, ஒரு ஜரிகை நூல் கூட மங்காமல். மூன்று வருடமாக வெட்டி எறிந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கரை. மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இது முழுதாக இருந்தால் நான் மூன்று வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது எதற்காக? ஒரு புகைப்படத்தைப் பார்த்து நானாக முடிவு செய்ததற்காகவா? உன் கடிதங்களைத் திறக்காமல் இழுப்பறையில் போட்டதற்கு யார் பொறுப்பு? அதை யோசிப்பதைவிட வெட்டுவது சுலபமாக இருந்தது. பீடத்து விரிப்புக்கு ஓரம் வைக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். உடம்புத் துண்டு இரண்டிலும் வெட்டினேன். நேராக வெட்டினேன். என் கை எப்போதும் நேராகத்தான் வெட்டும். வெட்டிய கரையைச் சுருட்டிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.

நீ என் புடவையை வெட்டினாய் என்று புதுச்சேரி வரை எழுதினேன். வெட்டியது நான்.

யோகராணிக்குத் தெரியும். ஜனவரிக் கடைசியில் தைக்க ஆரம்பித்தபோது அவள்தான் எட்டுத் துண்டையும் தரையில் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மதாம், இஞ்சை பாருங்கோ, சீலை முழுசாக் கிடக்கு. அந்த மனுசி ஒண்டையும் எறியேல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "கரையை ஆர் வெட்டினது?" என்றாள். கத்தரிக்கோல் என்றேன். "அது தானா நடந்து வந்ததோ மதாம்?" என்றாள்.

உன் பதில் வந்ததும் பக்கத் தையலை மறுபடி பிரித்தேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து கரையை எடுத்து, எங்கே வெட்டினேனோ அங்கேயே வைத்துச் சேர்த்தேன். இரண்டு துண்டும் சேர்த்து ஆறரை மீட்டர். வெட்டிய நூலுக்கு நேரே வெட்டிய நூல் வர வேண்டும். பட்டு வழுக்குகிறது, ஜரிகை குத்துகிறது. இதற்கு ஃபுமிகோ அம்மாளின் துவாரம் எதுவும் இல்லை, வழி காட்ட ஆளில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. நான் தைத்ததிலேயே நல்ல தையல் இதுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இது உள்ளே இருக்கிறது, உடுத்தும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இனி ஒருநாள் பிரித்து விரித்தால், கரைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு நிற்கும். அதை இஸ்திரி போட்டும் எடுக்க முடியாது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன். ஆகையால் இனி இது புடவையாகாது. அதைத் திருப்பிக் கேட்கிற பாத்தியதையை நான் என் கையாலேயே வெட்டிவிட்டேன். இது உன்னுடையது.

விழாவன்று ஃபுமிகோ அம்மாள்தான் உனக்கு உடுத்திவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். கண் மங்கினாலும் அவருடைய விரல் மங்கியிருக்காது. இடது பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, அந்த விரல் ஒரு நொடி நிற்கும். அப்போது எலி கடித்தது, வண்ணான் கிழித்தான் என்று எதையும் சொல்லி என்னைக் காப்பாற்றாதே. வெட்டியதும் நான், சேர்த்ததும் நான் என்று சொல். அவர் என்ன சொன்னார் என்று எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது. தைக்கத் தெரிந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன்.

நீ அக்டோபரில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கொசுவம் பிடித்துவிட நான் யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பட்டு கனமானது. புதுச்சேரியில் எனக்கே என் அம்மாவும் இரண்டு சித்திகளும் சேர்ந்துதான் உடுத்திவிட்டார்கள். ஒருத்தி தரையில் மண்டியிட்டு மடிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரிந்தே அந்தப் பார்சலைக் கட்டினேன். யாரும் இல்லாத பெண்ணுக்கு, தனக்கு உடுத்திவிடத் தெரிந்த ஒன்றை அந்த அம்மாள் அதிலிருந்து தைத்தார். மண்டியிட்டதும் அவர்தான். அவரை நீ அம்மா என்று எழுதுவதை இனி எண்ணமாட்டேன்.

இன்னொன்று. பூசைக்கு நீ வரவில்லை என்று எழுதியிருந்தேன். வந்தாய். கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு இடது பக்கத் தூணுக்குப் பின்னால் நின்றாய். அப்பாவின் பெயரை வாசித்தபோது நீயும் தலையைக் குனிந்தாய். நற்கருணை வாங்கத் திரும்பியபோது பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவளைப் போல என் இடத்தில் வந்து முழந்தாளிட்டேன். முடிந்து எழுந்தபோது நீ இல்லை. நீ விமானத்தில் போகிற நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரை ஜன்னலை மூடவில்லை.

மற்றபடி நான் சுகம். பச்சைக் கரைப் புடவை ஒன்று இருக்கிறதே, உன் அப்பா ஓய்வு பெற்றபோது வாங்கிக் கொடுத்தது, அதை வெளியே எடுத்து வெயிலில் காட்டினேன். கனம் இல்லை, கொசுவம் நன்றாக நிற்கும். முழங்கால்தான் தகராறு. ஆனால் தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டால் மண்டியிட முடிகிறது. போட்டுப் பார்த்தேன்.

இந்த வருடம் அப்பாவுக்குப் பத்தாம் ஆண்டுப் பூசை. அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, பதினொரு மணி. பெயர் கொடுத்துவிட்டேன். மசாரு வந்தாலும் நாற்காலி இருக்கிறது. அந்தத் தூணுக்குப் பின்னால் எப்போதும் குளிர் அடிக்கும், கதவு சரியாக மூடாது. முன் வரிசையில் என் வலது பக்கம் யாரையும் நான் உட்காரவிடுவதில்லை.

தேவமாதா உன்னை வழிநடத்துவாள். பத்திரமாக வா.

அம்மா